கேள்வியை முதலில் படிப்பதா, பேசேஜை முதலில் படிப்பதா? மேல் மாடிப் பெண்ணின் ஆங்கிலத் தாள்

யிவூவாசி எழுதியது:

சீனாவில் யிவூவில் ஒன்பது வருடமாக இருக்கிறோம், வீட்டுக்காரருக்கு இங்கே மொத்தக் கொள்முதல் வேலை. மேல் மாடியில் ஒரு சீனக் குடும்பம். அவர்கள் பெண்ணுக்குப் பதினாறு வயது, மேல்நிலையில் இரண்டாம் வருடம் (இங்கே மேல்நிலை மூன்று வருடம்). நான் வாடிக்கையாளர்களோடு போனில் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டுவிட்டு அவள் அம்மா வந்து, வாரம் இரண்டு நாள் பெண்ணோடு உட்கார முடியுமா என்று கேட்டார். எனக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் கிடையாது. சரி, சேர்ந்து படிப்போம் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதமாக ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது, அதைக் கேட்கத்தான் இந்த இழை.

காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், அதில் வாசிப்புக்கு மட்டும் 50. ஏ முதல் டி வரை நான்கு பேசேஜ், மொத்தம் 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். அப்புறம் ‘ஏழில் ஐந்து’ என்று ஒன்று உண்டு, ஒரு கட்டுரையில் ஐந்து இடத்தைக் காலியாக விட்டு ஏழு வாக்கியம் கொடுப்பார்கள், பொருந்தும் ஐந்தை எடுத்து வைக்கவேண்டும்.

இந்தப் பெண் செய்வது என்னவென்றால், கேள்வியைப் பார்ப்பாள், அதில் ஒரு சொல்லைப் பிடிப்பாள், விரலை வைத்து பேசேஜில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஓடுவாள், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அதே சொல் எந்த விடையில் வருகிறதோ அதைக் குறித்துவிடுவாள். நான்கு பேசேஜும் 28 நிமிடத்தில் முடிந்துவிடும். 15-ல் ஒன்பதோ பத்தோ சரியாக வரும். போன மாதம் 2022 தாளைச் செய்தாள். அதில் மூன்றாவது பேசேஜ், லண்டனில் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குக் கோழிகளைக் கொடுத்து வளர்க்கச் சொல்வதைப் பற்றியது. நான்கு கேள்வியில் இரண்டு சரி. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன படித்தாய், சீன மொழியிலேயே சொல் என்றேன். ‘கோழிப் பண்ணை’ என்றாள். தனிமையில் இருக்கும் பெரியவர்கள் அந்தக் கோழிகளால் கொஞ்சம் மனம் தேறுகிறார்கள் என்பதுதான் அந்த முழுப் பேசேஜும், அது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவளுடைய சொந்தப் பாட்டி கிராமத்தில் தனியாகக் கோழி வளர்க்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. மற்ற நாட்களில் இரவு பத்து மணி வரை பள்ளியில் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறாள். இதை எப்படி மாற்றுவது? கேள்வியைப் பார்க்காமல் முதலில் முழுவதும் படி என்று சொன்னால் பயப்படுகிறாள். நான் சொல்வது தவறா?

செங்டு முன்னாள் மாணவன் எழுதியது:

அக்கா, கொஞ்சம் நிதானம். நான் செங்டுவில் மருத்துவம் படித்தேன், உடன் படித்த சீன நண்பர்கள் பத்துப் பதினைந்து பேரிடம் இந்தக் கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். கணக்கைப் பாருங்கள். மொத்தம் 120 நிமிடம். காதால் கேட்டு எழுதும் பகுதி இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். கடைசியில் எழுத்துக்கு 40 மதிப்பெண்: எண்பது சொல்லில் ஒரு கடிதமோ அறிவிப்போ, அப்புறம் பாதியில் நிற்கும் ஒரு கதையைப் படித்து அதன் மீதியை 150 சொல்லில் எழுதவேண்டும். அதற்கு நாற்பது நிமிடமாவது கையில் இல்லாவிட்டால் ஆள் தொலைந்தான். இடையில் கோடிட்ட இடங்கள் வேறு இரண்டு விதம். வாசிப்புக்கு மிஞ்சுவது முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் அனுபவித்துப் படிக்கச் சொன்னால் எப்படி?

முதல் பேசேஜ் எப்போதும் விளம்பரமோ அட்டவணையோ மாதிரிதான் இருக்கும். 2023-ல் ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகை வந்தது. வாடகை எவ்வளவு, சுற்றுலா எத்தனை மணிக்கு, இதை விரல் வைத்துத் தேடுவதுதான் சரியான வழி. பேருந்து நிலையத்தில் நேர அட்டவணையை முதல் வரியிலிருந்து யாராவது படிப்பார்களா?

தவறான விடைகளை இனம் பிரிக்கவும் அங்கே ஆசிரியர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லாம் நாலெழுத்துப் பழமொழியாக. பேசேஜில் இல்லாததைச் சொன்னால் ‘இல்லாததிலிருந்து உண்டாக்கியது’. ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டினால் ‘ஜாங்கின் தொப்பி லீயின் தலையில்’. ஒரு துண்டை எடுத்து முழுசுக்கும் பொதுவாக்கினால் அதற்கும் ஒரு பெயர். இதைத் தெரிந்துகொண்டாலே இரண்டு மூன்று கேள்வி கூடும். ஒரு மதிப்பெண் கூடினால் ஆயிரம் பேரைத் தாண்டலாம் என்று வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கிற நாடு அக்கா. 2024-ல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அந்தப் பெண்ணைப் பரிசோதனை எலியாக்கிவிடாதீர்கள்.

யிவூவாசி எழுதியது:

நேரக் கணக்கு எனக்கும் புரிகிறது தம்பி. முதல் பேசேஜ் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அவள் இழப்பது முதல் பேசேஜில் இல்லை. சி, டி இரண்டிலும்தான். அங்கே கேள்வி ‘ஆசிரியர் எதை உணர்த்துகிறார்’, ‘மூன்றாம் பத்தி எதற்காக’ என்று வருகிறது. இதற்கு விரல் வைத்துத் தேட ஒரு வரி கிடையாதே.

சொல்தேடி எழுதியது:

இழைக்கு நன்றி. இந்தப் பெண்ணின் பிரச்சினை வேகமும் இல்லை, உத்தியும் இல்லை என்று நினைக்கிறேன். அவளுக்கு ஆங்கில வாக்கியம் தலைகீழாகத் தெரிகிறது. தமிழர்களுக்கு இது சட்டென்று புரியும், ஏனென்றால் நமக்கும் அதே கோளாறு உண்டு.

‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்கிறோம். சீன மொழியில் ‘வோ ட்ஸுவோதியென் மாய் த ஷு’. வோ என்றால் நான், ட்ஸுவோதியென் நேற்று, மாய் வாங்கு, த என்பது ஒட்டு, ஷு புத்தகம். சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான்! புத்தகத்தைப் பற்றிய எல்லா விவரமும் முன்னால் வந்து, கடைசியில் புத்தகம் வரும். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்துவிடும், எந்தப் புத்தகம் என்பது வாலாகப் பின்னால் தொங்கும். சின்ன வாக்கியத்தில் இது பிரச்சினை இல்லை. ஆனால் டி பேசேஜில் வருகிற வாக்கியத்தைத் தமிழ்ச் சொற்களை வைத்து ஆங்கில வரிசையில் எழுதினால் இப்படி இருக்கும்: ‘அந்தப் பெண், வந்தவள் எங்கள் தெருவுக்குப் போன வருடம், அண்ணனுடன், வேலை பார்த்தவன் துறைமுகத்தில், திறந்தாள் ஒரு கடை.’ திறந்தது யார் என்று கண்டுபிடிப்பதற்குள் படிக்கிறவர் அண்ணனிடமும் துறைமுகத்திடமும் மாட்டிக்கொள்வார். சீனாவில் இதற்கு ‘நீள வாக்கியம், கடின வாக்கியம்’ என்று தனியாகவே பயிற்சி வைத்திருக்கிறார்கள்.

இதோடு சீன வினைச்சொல் காலத்துக்குத் தகுந்தபடி உருமாறாது. போனான், போகிறான், போவான் என்று நமக்கு வினையிலேயே காலம் தெரியும். அவர்களுக்கு நேற்று, நாளை மாதிரிச் சொற்களும் சில ஒட்டுகளும்தான் அதைச் சொல்லும். அதனால் ஒரு பேசேஜில் ‘முன்பு அப்படி நினைத்தார்கள், இப்போது வேறு’ என்பது வெறும் வினை வடிவத்தில் ஒளிந்திருந்தால் அவள் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கருத்துக் கேள்வியின் விடை பல சமயம் அங்கேதான் இருக்கும்.

நான் பரிந்துரைப்பது இதுதான், முழு பேசேஜ் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டே வாக்கியம். பென்சிலால் வினைமுற்றின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள், அதைச் செய்தது யார் என்பதைச் சுற்றி வட்டம். வால்களையெல்லாம் அடைப்புக்குறிக்குள் தள்ளச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதைப் படித்தால் நாலு சொல் வாக்கியம் கிடைக்கும். அப்புறம் வால்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். வேகம் தானாக வரும், கண் வினையைத் தேடிப் பழகிவிட்டால்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

முப்பத்தொரு வருடம் மதுரைப் பக்கம் ஆங்கிலம் நடத்தினேன். சொல்தேடி சொன்னதற்கு ஒரு கூடுதல். சொல். சீனப் பாடத்திட்டம் நுழைவுத் தேர்வுக்கு 3,000 முதல் 3,200 சொற்கள் வரை எதிர்பார்க்கிறது. பிள்ளைகள் பட்டியலை வைத்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று. தெரியாத சொல் அவர்களை அவ்வளவாக ஏமாற்றாது, தெரிந்த சொல்தான் ஏமாற்றும். ‘நாவல்’ என்றால் கதைப் புத்தகம் என்று அவளுக்குத் தெரியும், அது ‘புதுமையான’ என்ற பொருளில் வரும்போது யாரோ புத்தகம் எழுதியதாக நினைத்துக்கொள்வாள். ‘அட்ரஸ்’ என்பது வீட்டு முகவரி மட்டும் இல்லை, ஒரு பிரச்சினையைக் கையாள்வதும்தான். ‘சாம்பியன்’ பதக்கம் வாங்கியவர் மட்டும் இல்லை, ஒரு கொள்கைக்காக நின்று வாதாடுவதும்தான். இப்படி அவள் கண்டுபிடிக்கிற ஒவ்வொன்றையும் அந்தச் சொல் வந்த முழு வாக்கியத்தோடு ஒரு நோட்டில் எழுதட்டும். பட்டியலாக வேண்டாம்.

செங்டு தம்பிக்கு ஒரு வார்த்தை. தொப்பிப் பழமொழிகள் நல்லவைதான், நானும் என் பிள்ளைகளுக்கு இதுபோல் சொல்லியிருக்கிறேன். ஆனால் யாருடைய தொப்பி என்று தெரியவேண்டுமானால் ஜாங் யார், லீ யார் என்று முதலில் படித்திருக்கவேண்டும் அல்லவா?

நூலகப்பூனை எழுதியது:

2017-ல், யிவூ இருக்கிற இதே ஜெஜியாங் மாகாணத்தில் சீன மொழித் தாளில் ஒரு சிறுகதையைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் வருகிற மீனின் கண்ணில் தெரியும் வினோதமான ஒளிக்கு என்ன பொருள் என்று. அந்தக் கதையை எழுதியவரே தனக்கு விடை தெரியாது என்று சொல்லிவிட்டார், பிள்ளைகள் இணையத்தில் போய் அவரிடம் குமுறித் தீர்த்தார்கள். தேர்வு வைக்கிறவர்களின் வாசிப்பும் நிஜமான வாசிப்பும் ஒன்று இல்லை, இதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், கொஞ்சம் பயம் குறையும்.

செங்டு முன்னாள் மாணவன் எழுதியது:

பயம் குறையாது பூனை, கூடும். 2018 நவம்பரில் அதே ஜெஜியாங்கில் ஆங்கிலத் தேர்வில் சில பகுதிகளுக்கு மதிப்பெண்ணை ஏற்றிக் கணக்கிட்டு, பெற்றோர் கொதித்து, மாகாண அரசு விசாரித்து, டிசம்பரில் பழைய மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தார்கள். அங்கே ஒரு மதிப்பெண் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

குவாங்ஷி மருமகள் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். என் கணவர் சீனாவின் தெற்கே குவாங்ஷியில் ஒரு மலையடிவாரக் கவுன்ட்டிப் (நம் தாலுகா மாதிரி) பள்ளியில் படித்தவர். நேற்று இரவு இந்த இழையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் வீட்டில் ஆங்கிலப் புத்தகம் ஒன்று கூட இருந்ததில்லை. ஊரில் நூலகம் கிடையாது. வெளிநாட்டுக்காரரை முதலில் பார்த்தது பல்கலைக்கழகத்தில்தான். அவர் கையில் இருந்த ஆங்கிலம் எல்லாம் பயிற்சித் தாள்கள், மங்கலாக அச்சடித்து, மேஜையில் முழங்கை உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்களாம். திரும்பத் திரும்பத் தாள் செய்வதற்கு அங்கே ‘ஷுவா தீ’ என்று பெயர், கேள்விகளைத் தூரிகையால் தேய்த்துத் தள்ளுவது போல. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். ஆனால் எனக்கு உலகம் அந்தத் தாள் வழியாகத்தான் வந்தது என்கிறார். கடலையே பார்த்திராத பையன் கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்த்த ஒரு மனிதரைப் பற்றி ஏதோ மாதிரித் தாளில் படித்திருக்கிறார். இருபது வருடம் ஆகியும் அந்த மனிதர் விளக்குக் கண்ணாடியை எப்படித் துடைத்தார் என்று சொல்கிறார். அந்தப் பேசேஜில் ஐந்து கேள்வியில் மூன்று தப்பாம். அது அவருக்கு நினைவு இருக்கிறது, ஆனால் வருத்தம் இல்லை.

அவர் செய்தது என்ன தெரியுமா? தாளைத் திருத்தி முடித்த பிறகு, எல்லோரும் தப்பான கேள்வியை மட்டும் பார்ப்பார்கள், இவர் பேசேஜை மறுபடி முதலிலிருந்து படிப்பாராம், இந்தத் தடவை கேள்விக்காக இல்லை. விளக்கு அணைக்கும் வரை. அதனால் யிவூ அக்கா, தாளைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், தேர்வு நேரத்தில் அவள் பழகிய வழியையும் பிடுங்காதீர்கள். தேர்வு முடிந்த பிறகு அதே தாளை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

யிவூவாசி எழுதியது:

மருமகள், இதைப் படித்துவிட்டு வெகு நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை. உங்கள் கணவருக்கு என் வணக்கம். நான் கேட்டதே கோணலான கேள்வி என்று தெரிகிறது. எது முதலில் என்று கேட்டேன், இரண்டாவது தடவை படிப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒன்றரை மாதம் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

சொல்தேடி எழுதியது:

காத்திருக்கிறோம். ‘ஏழில் ஐந்து’க்கும் இதே வழி உதவும், மறக்காதீர்கள். அவன், அது, இவை, ஆனால், அதனால் போன்ற சின்னச் சொற்கள் யாரைத் திரும்பிப் பார்க்கின்றன என்று அம்புக்குறி போட்டால் போதும், பொருந்தாத இரண்டு வாக்கியமும் யாரையும் பார்க்காமல் அநாதையாக நிற்கும்.

யிவூவாசி எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும், இங்கே ஏற்றுமதி சீசன்.

என்ன செய்தோம் என்றால், செவ்வாய்க்கிழமை அவள் பழகிய மாதிரியே நேரம் வைத்துத் தாள் செய்வாள், நான் வாயே திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை அதே தாளில் சி, டி இரண்டை மட்டும் எடுத்து, கேள்விகளைக் காகிதத்தால் மூடிவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் சீன மொழியில் ஒரு வாக்கியம் சொல்வாள். எனக்குச் சீன மொழி பேச்சளவுக்குத்தான் வரும், அதனால் அவள் எனக்குப் புரியும்படி எளிமையாகச் சொல்லியாகவேண்டும், அதுவே நல்லதாகப் போயிற்று. இரண்டு நீள வாக்கியத்துக்கு வாலை அடைப்புக்குறியில் தள்ளும் வேலை. சொல் நோட்டில் இப்போது அறுபத்தி மூன்று வாக்கியம் இருக்கிறது. அதற்குப் பிறகு தப்பான விடைகளை எடுத்து இது தொப்பியா, இல்லாததா என்று அவளே பெயர் வைக்கிறாள், செங்டு தம்பிக்கு நன்றி.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு தடவை எட்டுக்கு இறங்கியது, அவள் அம்மா முகத்தைப் பார்க்க எனக்கு அச்சமாக இருந்தது. இப்போது பதினொன்று, பன்னிரண்டு. நேரம் 28-லிருந்து 34 நிமிடம் ஆகியிருக்கிறது, அதுதான் இன்னும் கவலை. இந்த மாகாணத்தில் ஆங்கிலத்தை ஜனவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை எழுதலாம், எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு முதல் வாய்ப்புக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

2022 தாளின் டி பேசேஜ், மனிதர்கள் மென்மையான உணவுக்கு மாறிய பிறகு தாடை அமைப்பு மாறி, கீழ் உதடு மேல் பல்லைத் தொட்டு ஒலிக்கும் எழுத்துகள் பிறந்தன என்பது. அதைப் படித்துவிட்டு உங்கள் மொழியில் அந்த ஒலி உண்டா என்று கேட்டாள். எங்களுக்கு ‘வ’ உண்டு, ‘ஃபோன்’ என்பதில் வருகிற ஒலி சொந்தமாகக் கிடையாது, ஆய்த எழுத்தைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கிறோம் என்று எழுதிக் காட்டினேன். மூன்று புள்ளியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். ஒரு பேசேஜைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

போன வெள்ளிக்கிழமை 2023 தாளின் டி. கூட்டத்தின் அறிவு பற்றியது, அதாவது பலர் தனித்தனியாக ஊகித்ததைச் சேர்த்துப் பார்த்தால் உண்மைக்கு நெருங்கி வரும் என்பது; ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கால்டன் 1907-ல் எழுதியதில் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை அதில் நான்குக்கு ஒன்றுதான் சரி. அந்தக் கால்டன் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் சொன்னேன், கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை இருக்கும் என்று 787 பேர் ஊகித்தார்கள், நடுவில் விழுந்த ஊகம் 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198. நம்ப மறுத்தாள். சரி, நம் ஊரில் இல்லாத பொருளா என்று கீழே கடைக்குப் போய் ஒரு கண்ணாடிப் புட்டி நிறையச் சட்டைப் பொத்தான் கொட்டி, கடையில் இருந்த பதினைந்து பேரிடமும் எத்தனை என்று தனித்தனியாகச் சீட்டில் எழுதி வாங்கினாள். சராசரி 731. அப்புறம் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து பேசி ஒரு எண் சொல்லச் சொன்னாள், ஏனென்றால் அந்தப் பேசேஜின் இரண்டாம் பாதியில் சிறு குழுக்களாகப் பேசிய பிறகு இன்னும் நெருங்கியது என்று வருகிறது. மூன்று குழுவின் சராசரி 655. எண்ணி முடிக்க எங்களுக்கு ராத்திரி பத்தரை ஆனது. 628.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே, சீட்டு எழுதியபோது பேக்கிங் பையன்கள் இரண்டு பேர் பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்த்தார்கள் என்று அவளுக்கு நினைவு வந்தது. உடனே மேலே ஓடிப் போய்த் தாளை எடுத்து வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக ஊகிப்பதைப் பற்றிய பத்தியைக் காட்டி, ‘இதைத்தான் அந்தக் கேள்வியில் கேட்டிருக்கிறார்கள், நான் வேறு வரியைப் பார்த்துவிட்டேன்’ என்றாள். பொத்தான்களைத் தரையில் அப்படியே விட்டுவிட்டு நாங்கள் நான்கு கேள்வியையும் மறுபடி போட்டோம்.